சேறில்லாத ஊரில் சேற்று வண்டி: என் ஜிம்னிக் கணக்கைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே பிறர் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்று முதன்முறையாக எழுதுகிறேன். எழுதும்படி என்னை உந்தியது ஒரு கூட்டல் கணக்கு.

சிங்கப்பூரில் செய்த தேசிய சேவையில் (கட்டாய இராணுவப் பணி) நான் போக்குவரத்துப் பிரிவில் ஓட்டுநராக இருந்தேன். அங்கே ஓட்டிய எம்பி 290 ஜீப்பின் நினைவு, வேலைக்குப் போய், திருமணமாகி, பெருவிரைவு ரயிலிலேயே பதினைந்து ஆண்டுகள் பயணம் செய்த பிறகும் என்னை விடவில்லை. போதாக்குறைக்கு ஒரு காய்ச்சல் விடுப்பில் 1993ஆம் ஆண்டு சபாவில் நடந்த கேமல் டிராபி என்ற காட்டுப்பாதை ஜீப் போட்டியின் பழைய காணொளிகளைப் பார்த்துத் தொலைத்தேன். பதினான்கு மாதங்களுக்கு முன், 2020ல் பதிவான சுசூகி ஜிம்னி ஒன்றை அதன் முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினேன். 1,462 சிசி, 75 கிலோவாட் என்பதால் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவு வாகன உரிமைச் சான்றிதழில் (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய பத்தாண்டு அனுமதி) ஓடுகிற, ஆனால் ஏணிச் சட்டமும் முன்னும் பின்னும் திட அச்சும் தனியாக ஒரு லோ ரேஞ்ச் (மெதுவாக, கூடுதல் விசையோடு இழுக்கும் கியர்) நெம்புகோலும் உள்ள வேறொரு புதுமாடல் வண்டி எனக்குத் தெரிந்து இல்லை. அந்த ஒரு வாதத்தை வைத்துத்தான் மனைவியின் சம்மதத்தைப் பெற்றேன்.

வாங்கும்போது, எதையும் மாற்றுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆறாவது வாரத்தில் 50 மில்லிமீட்டர் உயர்த்தும் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் வந்தன: 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பிறகு 235/75ஆர்15 அளவில் ஐந்து சேற்று டயர்களுக்கு 1,450, எஃகு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் கயிற்று உருளை) 3,100, கூரைச் சட்டம் 1,150, இஞ்சினுக்குக் காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்கல் குழாய் 620. விளக்குப் பட்டை, காற்றடிக்கும் கம்ப்ரசர், இழுவைக் கயிறுகள், சேற்றில் சக்கரத்துக்கடியில் வைக்கும் பலகைகள் என்று சில்லறையாகச் சேர்ந்தவை 1,910. ஆகமொத்தம் 10,630 வெள்ளி. இதே பதினான்கு மாதங்களில் தார்ச்சாலையை விட்டு வண்டி இறங்கியது நான்கு முறை, எல்லாம் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூரில், மொத்தம் பதினொரு மணி நேரம். ஒரு மணி நேரச் சேற்றுக்கு 966 வெள்ளி என்ற விடை வந்தபோது கணிப்பானை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதே விடைதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் மாற்றிய மறுநாள் இரவு, எங்கள் புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஐந்தாம் தளத்தில், அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்துப் படுத்து, மகளின் பள்ளி அளவுகோலால் பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். வண்டி வெளியிலிருந்து பார்க்க நெடுநெடுவென்று நின்றது. அளவுகோல் காட்டியதோ 21 சென்டிமீட்டர், அதாவது கையேட்டில் போட்டிருக்கும் அதே 210 மில்லிமீட்டர். 2,400 வெள்ளி எங்கே போயிற்று என்று புரியாமல் டார்ச்சை அடித்துக்கொண்டு கிடந்தபோது, மேல்தளத்திலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர், ‘எண்ணெய் ஒழுகுகிறதா?’ என்று கரிசனத்தோடு கேட்டுவிட்டுப் போனார்.

போதாததற்கு, இப்போது சிலேத்தார் விரைவுச்சாலையில் 80ஐத் தொட்டாலே ஸ்டீயரிங் உதறுகிறது. என் கேள்விகள் இரண்டு. இந்த உதறலுக்கு இன்னும் என்ன வாங்க வேண்டும்? இந்த வாங்குதலுக்கு ஒரு முடிவு உண்டா?

பொங்கோல் தமிழரசி எழுதியது:

முதல் கேள்விக்குத் தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும். இரண்டாவது கேள்விக்கு, இதே நோய் கண்ட ஒருவரின் மனைவி என்ற முறையில் நான் பதில் சொல்கிறேன்: முடிவு கிடையாது, இடைவேளை மட்டும் உண்டு. எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் ஒரு ரேடியேட்டர் கிரில் மூன்று ஆண்டுகளாக நிற்கிறது. அது எந்த வண்டிக்கு உரியதோ, அந்த வண்டியை விற்று ஒன்றரை ஆண்டு ஆகிறது.

காக்கிபுக்கிட் பட்டறையாள் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். பத்தொன்பது ஆண்டுகளாகப் பட்டறையில் அடிப்பாக வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் 2,400 வெள்ளி எங்கும் போகவில்லை, தப்பான இடத்தில் தேடியிருக்கிறீர்கள். ஜிம்னியில் ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது அச்சின் மேல். நீளமான ஸ்பிரிங் போட்டால் அச்சிலிருந்து சட்டமும் கூடும்தான் மேலே போகும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அதைத் தரையிலிருந்து தாங்குவது டயர். முன்னால் 37 பாகை, வயிற்றுக்கடியில் 28 பாகை, பின்னால் 49 பாகை என்று கம்பெனி கொடுத்திருக்கும் ஏற்ற இறக்கக் கோணங்கள் கூடும், பெரிய டயருக்கு மட்காட்டுக்குள் இடம் கிடைக்கும். டிஃபரன்ஷியல் மண்ணில் தட்டாமல் இருக்க வேண்டுமானால் டயரின் விட்டம் கூட வேண்டும், அதிலும் பாதிதான் பயனாகக் கிடைக்கும். உங்கள் பழைய 195/80ஆர்15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். இப்போதைய 235/75ஆர்15க்கு ஏறத்தாழ 733. நாற்பது கூடியிருக்கிறது, அச்சுக்கடியில் கிடைத்தது இருபது. அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு மறுபடியும் படுத்துப் பாருங்கள், 23 சென்டிமீட்டர் வரும்.

இனி உதறலுக்கு வருவோம். மிதிவண்டியில் கையை விட்டுவிட்டு ஓட்டினாலும் நேராகப் போகிறதே, அதற்கு ஒரு காரணம் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை செங்குத்தாக இல்லாமல் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருப்பது. காரிலும் அந்தச் சாய்வு உண்டு, அதற்குக் காஸ்டர் என்று பெயர். ஜிம்னியின் முன் அச்சை இரண்டு நீண்ட கைகள் பின்னாலிருந்து பிடித்திருக்கின்றன. வண்டியை உயர்த்தும்போது அந்தக் கைகள் கீழ்நோக்கிச் சரிய, அச்சும் கூடவே முன்பக்கமாக உருண்டு, காஸ்டர் குறைந்துவிடும். குறைந்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, வேகத்தில் வண்டி அலைபாயும். இதோடு, அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பன்ஹார்ட் தண்டு ஒரு வில் வட்டத்தில்தான் நகர முடியும் என்பதால், உயர்த்தியதும் அச்சு முழுவதுமே சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளிப்போயிருக்கும். ஸ்டீயரிங் சக்கரம் சற்றுக் கோணலாக நிற்கிறதா என்று பாருங்கள், நிற்கும். இதற்கு மேல் கனமான சேற்று டயரையும் மாட்டி, அதைச் சரியாகச் சமன்படுத்தாமலும் விட்டு, முன்சக்கரம் திரும்பும் மூட்டிலுள்ள கிங்பின் பேரிங்கும் தேய்ந்திருந்தால் உதறாமல் என்ன செய்யும்?

ஆக, உங்களுக்கு இப்போது வேண்டியவை, குறைந்த காஸ்டரை மீட்க அந்தக் கைகளின் முனையில் பொருத்தும், துளை மையம் விலகிய காஸ்டர் புஷ்கள், நீளம் மாற்றக்கூடிய பன்ஹார்ட் தண்டு, டயர் சமன்பாடு, கிங்பின் சோதனை. ஸ்பிரிங்கை விற்றவர் இதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விடுவதும் இத்தொழிலில் ஒரு வியாபார முறை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் புஷ் வாங்க நீங்கள் மறுபடியும் வருவீர்கள்.

டயர் விஷயத்தில் இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. சக்கரம் பெரிதானதால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 5.8 விழுக்காடு அதிகத் தூரம் போகிறது, வேகமானிக்கு அது தெரியாது. விரைவுச்சாலையில் முள் 90ல் நிற்கும்போது உண்மை வேகம் 95ஐ நெருங்கிவிடும். கம்பெனி முள்ளைச் சற்றுக் கூட்டியே காட்ட வைத்திருப்பதால் இதுவரை தப்பியிருப்பீர்கள். கேமரா முன் அந்தத் தயவை நம்ப வேண்டாம். 75 கிலோவாட் இஞ்சின் உயர்ந்த கியரில் திணறுவதும் இதே காரணத்தால்தான்.

ஸ்நார்கலைப் பற்றி ஒரு வார்த்தை. இஞ்சின் மூச்சுவிடும் வாயை மட்டும் கூரை வரை ஏற்றிவிட்டு, இரண்டு டிஃபரன்ஷியல்களுக்கும் கியர்பெட்டிக்கும் உள்ள மூச்சுக்குழாய்களைக் கீழேயே விட்டுவிடுகிறார்கள். சூடான டிஃபரன்ஷியல் ஆற்றுநீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கிருந்து நீரை உறிஞ்சும். சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு வண்டியின் பின் டிஃபரன்ஷியலைத் திறந்தபோது அசல் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் எண்ணெய் கொட்டியது. அந்த வண்டியில் ஸ்நார்கல் இருந்தது. மூச்சுக்குழாயை மேலே ஏற்றும் ரப்பர்க் குழாய்க்கு நாற்பது வெள்ளிகூட ஆகாது.

ஈசூன்வாசி எழுதியது:

அண்ணன், மிக்க நன்றி. நேற்றிரவே போய்ப் படுத்து அளந்தேன், 23 தான். ஸ்டீயரிங்கும் நீங்கள் சொன்னபடியே இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. நான் இதுநாள்வரை சாலைதான் சரிவு என்று நினைத்திருந்தேன்.

எழுதாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் ஈராண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வாகனச் சோதனைக்குப் போனேன். சோதனை அதிகாரி வண்டியின் பக்கவாட்டில் நின்று மேலிருந்து குனிந்து, மட்காட்டைத் தாண்டி டயர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பிறகு விளக்குப் பட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்றுக்கும் சேர்த்து ஒரு தாள் கொடுத்தார். பழைய டயரையும் விளிம்பையும் மாட்டி, விளக்கைக் கழற்றி, மறுநாள் போய்த் தேறினேன். ‘எல்லாம் அனுமதிக்கு உட்பட்டதுதான்’ என்று எனக்கு உறுதி கொடுத்திருந்த கடைக்காரர், ‘சோதனைக்குப் போகும்போது எல்லாரும் கழற்றிவிட்டுத்தானே போவார்கள்’ என்றார்.

சிராங்கூன் கணக்கர் எழுதியது:

கடைக்காரர் சொன்ன வாய்மொழி உறுதிக்கு எந்த மதிப்பும் இல்லை. எது அனுமதி இல்லாமல் செய்யலாம், எதற்கு முன் அனுமதி வேண்டும், எது அறவே கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் தன் இணையத்தளத்தில் வகைப்படுத்தி வைத்திருக்கிறது. புகைபோக்கியை மாற்ற அனுமதி வேண்டும், காற்று ஹாரன் கூடவே கூடாது. சோதனைக்கு மட்டும் கழற்றி மறுநாள் மாட்டினால் மறுநாளும் அது குற்றம்தான்; அபராதத்துக்கு அப்பால், அறிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் வழியிருக்கிறது. எதை மாட்டினாலும் காப்பீட்டாளரிடம் எழுத்தில் தெரிவித்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். 2020ல் பதிவான வண்டிக்கு வாகன உரிமைச் சான்றிதழ் 2030ல் முடிகிறது. அப்போது வண்டியைப் பதிவுநீக்கினால் திரும்பக் கிடைக்கும் தொகை, முதலில் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஸ்பிரிங்குக்கும் வின்ச்சுக்கும் அதில் ஒரு காசு இடமில்லை. சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டால் அந்தத் தொகையும் போய்விடும், பத்தாண்டு கடந்ததும் சாலை வரி ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஏறி ஐம்பது வரை போகும், சோதனையும் ஆண்டுதோறும் வரும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவுச் சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது நினைவிருக்கும். புதுப்பிக்கும் சமயத்தில் விலை எங்கே நிற்குமோ, யார் கண்டது? ஆஸ்திரேலியாக்காரன் முப்பது ஆண்டு வைத்திருக்கப்போகும் வண்டிக்கு வின்ச் வாங்குகிறான். நாம் கெடு குறித்த வண்டிக்கு வாங்குகிறோம்.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப்போட்டது பணம் இல்லை, எடை. ஜிம்னியின் வெற்று எடை சுமார் 1,100 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,435. ஆக ஆளும் பெட்டியும் சேர்த்து ஏற்றக்கூடியது 335 கிலோவுக்குள். எஃகு பம்பரும் வின்ச்சும் அறுபது, கூரைச் சட்டம் இருபத்தைந்து, கனத்த டயர்கள் ஐந்திலும் கூடுதலாக இருபது, கயிறும் கம்ப்ரசரும் பலகையும் கருவிப்பெட்டியும் நாற்பது என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 145 போய்விடுகிறது. எஞ்சிய 190ல் நீங்கள், மனைவி, மகள், குடிநீர், கூடாரம் எல்லாம் அடங்க வேண்டும். கூரைக்குக் கம்பெனி வைத்த வரம்பு 30 கிலோ, அதில் சட்டமே 25 என்றால் மேலே ஒரு பாய்தான் கட்டலாம். காட்டுக்குப் போவதற்காகவே சேர்த்த பொருளால், காட்டுக்கு ஆளை ஏற்ற முடியாத வண்டி உருவாகியிருக்கிறது.

பொங்கோல் தமிழரசி எழுதியது:

கடைசி வரியை என் கணவருக்கு அனுப்பிவைத்தேன். ‘அதற்குத்தான் அலுமினிய பம்பர் இருக்கிறது’ என்று பதில் வந்தது.

குளுவாங் பெரியவர் எழுதியது:

பிள்ளைகளுக்கு வணக்கம். எனக்கு 71 வயது. பிறந்தது குளுவாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், சிங்கப்பூருக்கு வந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. வண்டி நுட்பம் எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் தேடிப் போகும் சேற்றில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அறுபதுகளில் எங்கள் தோட்டத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்றே ஒன்றுதான். துரையின் லேண்ட்ரோவர், கித்தான் கூரை போட்டது. மழைக்காலத்தில் அதுவும் சிக்கும். அப்போது கங்காணி லயத்துப் பக்கம் வந்து குரல் கொடுப்பார். பால்மரம் சீவிவிட்டு வந்து குளிக்கப் போன ஆண்கள் அப்படியே இடுப்புத் துண்டோடு ஓடிப்போய்த் தள்ளுவார்கள். என் அப்பாவும் போவார். சக்கரம் சுழன்று வாரியடித்த செம்மண் அவர் மார்பிலும் முகத்திலும் அப்பி, வீட்டுக்கு வந்து அம்மா கிணற்றுநீரை மொண்டு ஊற்றும்போது சிவப்பாக வழிந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதற்குப் பணம் கிடையாது. துரை வண்டிக்குள்ளிருந்து கையசைப்பார்.

இன்று என் மகன் வயதுடைய ஒருவர் ஒரு மணி நேரச் சேற்றுக்கு 966 வெள்ளி ஆயிற்று என்று எழுதுவதைப் படித்தபோது, சிரிப்பா வேறெதுவா என்று எனக்கே தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குற்றமாகச் சொல்லவில்லை, தம்பி. தள்ளினவர் வீட்டுப் பிள்ளை ஓட்டுகிறான் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சிகூட உண்டு.

தோட்டத்து லாரி ஓட்டியவர்களிடம் வின்ச் இல்லை. விடியலில் கிளம்புவார்கள், மழை வந்தால் நிறுத்திவிடுவார்கள், நின்ற பிறகு வெயிலடித்து மேல்மண் காயும்வரை புகைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பொறுமை அவர்களுக்கு இயல்பாக இருந்ததற்குக் காரணம், அது அவர்கள் தினமும் போக வேண்டிய பாதை. இப்போது அங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனால் பாதை அதேதான், அதில் போகிறவர்களும் இருக்கிறார்கள். போன ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது, மழை பெய்த மறுநாள் பத்துப் பன்னிரண்டு ஜீப்புகள் வரிசையாக வந்து குதூகலமாக உழுதுவிட்டுப் போன பாதையைப் பார்த்தேன். முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். அது அப்படியே காய்ந்து கல்லான பிறகு, மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிற ஒருவர் அதில் விழுந்து எழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். யாருடைய கூட்டம் என்று எனக்குத் தெரியாது, சொல்லவும் விரும்பவில்லை.

துவாஸ்வழி தேவி எழுதியது:

பெரியவர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு நான் எழுத நினைத்ததில் பாதியை அழித்துவிட்டேன். மீதியை மட்டும் எழுதுகிறேன்.

நான் ஏழு ஆண்டுகளாகப் பழைய ஜிம்னி ஓட்டுகிறேன். ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங், டயர் 215/75ஆர்15, அதுவும் சாதாரண எல்லா நிலத்துக்குமான வகை. இதே வண்டியில் காஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் காட்டின் வாசலான கம்போங் பெத்தா வரை 56 கிலோமீட்டர் தோட்டப் பாதையில் நான்கு முறை போய்வந்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காட்டையே மூடிவிடுகிறார்கள், அப்போது போக ஆசைப்பட்டதும் இல்லை. மழையிலேயே ஓட்டித்தான் தீர வேண்டும் என்பவர்களுக்காக 1997 முதல் மழைக்காடு சவால் போட்டி மலேசியாவில் நடக்கிறது. ஓட்டுபவர்கள் அதற்கென்றே வண்டி கட்டுகிறார்கள், அது வேறு உலகம்.

எனக்கு உதவிய கருவி ஒன்று உண்டு என்றால் அது காற்றழுத்தமானி. தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு டயரிலும் காற்றழுத்தத்தை 26 பிஎஸ்ஐயிலிருந்து 16க்கு இறக்குகிறேன். ஒரு டயருக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். அழுத்தம் குறையக் குறைய டயரின் பக்கச்சுவர் தளர்ந்து, மண்ணைத் தொடும் தடம் நீளவாக்கில் வளர்வதை உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். கல்லில் தங்தங்கென்று குதித்த வண்டி அதன்பிறகு கல்லைச் சுற்றி வழிந்து போகும். காசே இல்லாமல் கிடைக்கும் இந்த மாற்றத்துக்கு நிகராக நான் காசு கொடுத்து வாங்கிய எதுவும் இல்லை. திரும்பித் தாருக்கு வந்ததும் காற்றை ஏற்றிவிட வேண்டும் என்பதால் கம்ப்ரசரை மட்டும் விற்றுவிடாதீர்கள்.

ஈசூன்வாசி கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது. சேற்றில் ஓட்டுவதென்றால் விடுப்பு எடுக்க வேண்டும், வண்டி நுழைவு அனுமதி ஒட்டியிருக்க வேண்டும், தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் வேண்டும், உட்லண்ட்சிலோ துவாசிலோ வரிசையில் நிற்க வேண்டும், மழை பெய்யாமல் இருக்க வேண்டும். வாங்குவதென்றால் இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி கட்டைவிரலை அசைத்தால் போதும். எது கைக்கெட்டுகிறதோ அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்; நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். பெட்டியைப் பிரித்து அப்சார்பரைக் கையில் ஏந்தும்போது காட்டுக்குப் பாதி வழி போய்விட்டதாகவே இருக்கும்.

காக்கிபுக்கிட் பட்டறையாள் எழுதியது:

தேவி அக்கா சொன்னது முற்றிலும் சரி, ஆனால் பட்டறைக்காரன் சார்பாக ஒன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எல்லாரும் காட்டுக்குப் போவதற்காக வண்டியை மாற்றுவதில்லை. எங்களிடம் வரும் ஒருவர் தன் பழைய லேண்ட்ரோவர் டிஃபெண்டரை எட்டு ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அது ஒருநாளும் எல்லையைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து ஒரு நட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, முறுக்குவிசை பார்த்துப் பூட்டிவிட்டு, எங்களோடு காப்பி குடித்துவிட்டுப் போகிறார். அவரிடம் போய் ஒரு மணி நேரச் சேற்றுக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் கேள்வியே அவருக்குப் புரியாது. கையால் ஒரு பொருளைச் செய்வதில் உள்ள இன்பம் தனி. தம்பிக்கு அந்த இன்பம் இருக்கிறதா, பெட்டி பிரிக்கும் இன்பம் மட்டும்தானா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஈசூன்வாசி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அண்ணனின் கேள்விக்கு நேர்மையான பதில்: பெரும்பாலும் பெட்டி பிரிக்கும் இன்பம்தான். ஆனால் இந்த மூன்று வாரத்தில் கொஞ்சம் மற்றதும் வந்திருக்கிறது.

பம்பரையும் வின்ச்சையும் ஜோகூர் பாருவில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். பாதி விலைதான் கிடைத்தது. விளக்குப் பட்டை போய்விட்டது. 215/75ஆர்15க்கு இறங்கியிருக்கிறேன், மட்காட்டுக்கு உள்ளேயே நிற்கிறது. இருந்தாலும் பொருத்துவதற்கு முன்பே ஆணையத்துக்கும் காப்பீட்டாளருக்கும் எழுதிக் கேட்டுவிட்டேன். ஸ்பிரிங்கைக் கழற்ற மனம் வரவில்லை, அதற்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன், பதிலைப் பொறுத்து முடிவு செய்வேன். காஸ்டர் புஷ்களை அண்ணனின் பட்டறையிலேயே, அவர் பக்கத்தில் நின்று வழிசொல்ல, நானே என் கையால் அழுத்திப் பொருத்தினேன். முதல் புஷ் கோணலாக ஏறி, வெட்டியெடுத்து வேறு போட வேண்டியதாயிற்று. இரண்டாவது, உள்ளே இறங்கும்போது ஒரு சின்ன முனகல் விட்டு உட்கார்ந்தது. திரும்பி வரும்போது சிலேத்தார் விரைவுச்சாலையில் 90ல் ஸ்டீயரிங் ஒரு விரலுக்கு அடங்கி நின்றது. அந்த முனகலை அன்றிரவு மனைவியிடம் நடித்துக் காட்டினேன். அவர் அதை இரசித்ததாகத் தெரியவில்லை.

இன்னமும் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியை எடுக்கிறேன். நேற்று அலுமினிய பம்பர் ஒன்றைப் பதினைந்து நிமிடம் பார்த்தேன் என்பதைத் தமிழரசி அக்காவிடம் ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் பள்ளி விடுமுறையில் மனைவி, மகளோடு கம்போங் பெத்தா போகலாம் என்று இருக்கிறோம். கணக்கர் ஐயாவின் எடைக் கணக்கைத் தாளில் எழுதி, கூரைச் சட்டத்தையும் இறக்கிவைத்துவிட்டேன். தொட்டி 40 லிட்டர்தான் என்பதால் எங்கே கடைசியாகப் பெட்ரோல் நிரப்புவது என்பதை மட்டும் தேவி அக்கா சொல்லுங்கள்.

துவாஸ்வழி தேவி எழுதியது:

குளுவாங்கில் முழுத்தொட்டியாக நிரப்பிவிடுங்கள், போய்த் திரும்பத் தாராளமாகப் போதும். காலை எட்டு மணிக்குள் செம்மண்ணில் இறங்கிவிட வேண்டும். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், அவர்கள் பாரத்தோடு வருகிறார்கள். கம்போங்கில் ஜக்குன் பழங்குடி மக்கள் வசிக்கிறார்கள். வீடுகளுக்கிடையே மெதுவாகப் போங்கள்.

குளுவாங் பெரியவர் எழுதியது:

தம்பி, என் தங்கை மகன் அந்தப் பக்கம்தான் செம்பனை லாரி ஓட்டுகிறான். நீங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மழை பெய்ததா, பாதை எப்படி இருக்கிறது என்று அவனிடம் கேட்டுச் சொல்கிறேன். பெய்திருந்தால் அன்று போகாதீர்கள். குளுவாங்கில் அவன் வீட்டில் தங்கிவிட்டு, காய்ந்ததும் மறுநாள் போகலாம். அவன் மனைவியிடம் சொல்லி வைக்கிறேன், மகள் என்ன சாப்பிடுவாள் என்பதை மட்டும் எழுதுங்கள்.